ஜோவுக்கு யார் மாப்பிள்ளை?

கதையில் வரும் ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கும் பொறுப்பைத் தாங்களாகவே தலைமேல் ஏற்றுக்கொண்டு, அவளைச் சிருஷ்டித்த ஆசிரியைக்கு வாசகிகள் கடிதத்தின்மேல் கடிதமாக எழுதிக் குவித்த விசித்திரம் 1868-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் நிகழ்ந்தது. லூயிசா மே ஆல்காட் எழுதிய 'லிட்டில் விமன்' என்ற நாவலின் முதற்பாகம் அப்பொழுதுதான் வெளிவந்திருந்தது. அதில் வரும் நான்கு சகோதரிகளும் யார் யாரை மணக்கப் போகிறார்கள், முக்கியமாக இரண்டாவது பெண்ணான ஜோ பக்கத்து வீட்டுப் பிள்ளை லாரியைத்தானே மணப்பாள் என்பதே அந்தக் கடிதங்களின் சாரம். வாராவாரம் தொடர்கதைக்குக் காத்திருந்து பழகிய நமக்கு இந்த ஆவல் புதிதன்று. ஆயினும், அந்தக் கடிதங்கள் ஒரு நாவலின் போக்கையே திருப்பிவிட்டன என்பதும், திருப்பிய பிறகும் எழுதியவர்கள் கேட்டது கிடைக்கவில்லை என்பதும், கிடைக்காத அந்தக் குறையைப் பற்றி ஒன்றரை நூற்றாண்டாக வாசகிகள் ஓயாமல் பேசி வருகிறார்கள் என்பதும் சற்று நின்று யோசிக்கத்தக்க சங்கதிகள்.

இவ்வளவு அபிமானத்தைப் பெற்ற அந்த நூல், எழுதியவருடைய விருப்பத்தினால் பிறந்ததன்று. பாஸ்டன் நகரத்தில் ராபர்ட்ஸ் பிரதர்ஸ் என்ற பதிப்பகத்தின் சார்பில் தாமஸ் நைல்ஸ் என்பவர், பெண் குழந்தைகளுக்கு ஏற்ற கதை ஒன்று வேண்டும் என்று 1867-இல் ஆல்காட்டைக் கேட்டார். தம் சகோதரிகளைத் தவிர வேறு பெண்களோடு அதிகமாகப் பழகியதும் இல்லை, அவர்களிடம் தமக்குப் பிரியமும் இல்லை என்று எண்ணிய ஆல்காட், அந்த வேலையை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டு, 1868-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் வேண்டாவெறுப்பாகப் பேனாவைக் கையில் எடுத்தார். முதற்சில அத்தியாயங்களைப் பார்த்த நைல்ஸ் அவை சுவாரஸ்யமற்றவை என்று கருதினார். ஆசிரியைக்கும் அதே அபிப்பிராயம்தான். கைப்பிரதியை நைல்ஸின் உறவுப் பெண்ணான ஒரு சிறுமியும் வேறு சில பெண்களும் படித்துவிட்டு, அபாரமாக இருக்கிறது என்று தீர்ப்புக் கூறியிராவிட்டால், ஆசிரியையும் பிரசுரகர்த்தரும் ஒருமனதாக அலுப்புத் தட்டுகிறது என்று ஒதுக்கிய அந்தக் கதை என்னவாகியிருக்குமோ! ஆகவே, வாசகிகளின் அபிப்பிராயம் என்பது இந்த நாவலின் விஷயத்தில் புத்தகம் வெளிவந்த பிறகு பின்னால் ஓடி வந்து சேர்ந்த சரக்கன்று. அது வெளிவருவதற்கு முன்பே வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

செப்டம்பர் மாத இறுதியில் வெளிவந்த முதற்பதிப்பின் 2,000 பிரதிகள் சில வாரங்களிலேயே விற்றுத் தீர்ந்தன. நூலின் கடைசியில் ஆல்காட் ஒரு சாதுரியம் செய்திருந்தார்: குடும்ப நாடகத்தின் முதல் அங்கம் முடிந்து திரை விழுகிறது, அது மறுபடியும் எழும்புவதும் எழும்பாததும் சபையோர் தரும் வரவேற்பைப் பொறுத்தது என்ற கருத்துப்பட எழுதி முடித்திருந்தார். சபையோரை இப்படி வலிய அழைத்தால் அவர்கள் சும்மா இருப்பார்களா?

அப்படி அழைக்கும் அளவுக்கு அந்தக் கதையில் என்ன இருக்கிறது? அமெரிக்க உள்நாட்டுப் போரில் பாதிரியாராகப் பணியாற்றத் தந்தை போயிருக்க, பரிசுகள் வாங்கக் காசில்லாத ஒரு கிறிஸ்துமஸ் பண்டிகையோடு கதை ஆரம்பமாகிறது. அழகும் நல்ல வாழ்வில் ஆசையும் உள்ள மூத்தவள் மெக். எழுத்துப் பித்துப் பிடித்த, ஆண்பிள்ளைபோல் ஓடித் திரிகிற ஜோ. கூச்சமே உருவான பெத். சித்திரமும் சிங்காரமுமாக இருக்கும் கடைக்குட்டி ஏமி. இவர்கள் நால்வரையும் கட்டி மேய்க்கும் தாய், மார்மீ. ஏழை ஜெர்மானியக் குடும்பம் ஒன்று குளிரிலும் பசியிலும் வாடுகிறது என்று கேட்டவுடன், தங்கள் பண்டிகைக் காலை உணவை அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருகிறார்கள் அந்தப் பெண்கள். தந்தை நோயுற்றார் என்று செய்தி வந்தபோது, தாயின் பிரயாணச் செலவுக்காகத் தன் நீண்ட கூந்தலை இருபத்தைந்து டாலருக்கு விற்றுவிட்டு வந்து நிற்கிறாள் ஜோ. இந்நூலை மனத்துக்கு இதம் தரும் கதை என்று வாசகிகள் வர்ணிப்பது இத்தகைய கட்டங்களை நினைத்துத்தான்.

ஆனால் இதத்தை மட்டும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இந்த நூல் அவ்வளவு எளிதாகப் பிடிகொடுப்பதில்லை. காலை உணவைத் தானம் செய்த அதே ஏழை வீட்டில்தான் பெத்தைச் செங்காய்ச்சல் பற்றிக்கொள்கிறது; அதிலிருந்து அவள் பிழைத்தெழுந்தாலும் இழந்த பலம் திரும்பி வராமல், இரண்டாம் பாகத்தில் சிறுகச் சிறுகத் தேய்ந்து இறந்து போகிறாள். தன்னை நாடகத்துக்கு அழைத்துக்கொண்டு போகவில்லை என்ற கோபத்தில், அக்காள் பல ஆண்டுகள் பாடுபட்டு எழுதிய கைப்பிரதியை ஏமி நெருப்பில் போட்டுவிடுகிறாள். அந்தக் கோபம் தணியாத ஜோ, உறைந்த ஆற்றின் பனிக்கட்டி மெலிந்திருப்பதைத் தங்கையிடம் சொல்லாமல் விட்டுவிட, ஏமி அதில் விழுந்து மயிரிழையில் உயிர் தப்புகிறாள். அன்று இரவு அழுதுகொண்டிருக்கும் மகளிடம் தாய் சொல்லும் இரகசியம் யாதெனில், தானும் வாழ்நாளில் அநேகமாகத் தினந்தோறும் கோபம் கொள்கிறவள்தான், அதை வெளியே காட்டாமல் அடக்கக் கற்றுக்கொள்ளவே நாற்பது ஆண்டுகள் பிடித்தன என்பது. சாந்தமே வடிவாகத் தோன்றும் ஒரு தாயின் வாயிலிருந்து இந்த வாக்குமூலத்தை வரவழைத்த ஆசிரியையை வெறும் தேன்பாகு காய்ச்சுகிறவர் என்று தள்ளிவிட முடியுமா?

கதையில் தொனிக்கும் அந்த உண்மை எங்கிருந்து வந்தது என்பதை அவருடைய ஜீவிய சரிதம் சொல்லும். 1832-இல் பிறந்த லூயிசாவின் தந்தை பிரான்சன் ஆல்காட், உயர்ந்த தத்துவங்களைப் பேசியவர். குடும்பம் நடத்தப் பொருள் தேடும் வித்தை மாத்திரம் அவருக்குக் கைவரவில்லை. ஆகையால் தாயும் பெண்களும் தையல் வேலை செய்தும் பாடம் சொல்லிக் கொடுத்தும் காலம் தள்ளினார்கள். தங்கை எலிசபெத், தாய் உதவி செய்யப்போன ஏழைக் குடும்பத்தின் மூலமாகச் செங்காய்ச்சல் கண்டு நலிந்து, 1858-இல் தன் இருபத்திரண்டாம் வயதில் காலமானாள். கதையில் போர்க்காலச் சேவைக்குப் போகிறவர் தந்தை. வாழ்க்கையிலோ அவ்வாறு போனவர் லூயிசாவேதான். 1862 டிசம்பரில் வாஷிங்டனுக்கு அருகே ஜார்ஜ்டவுனில் இருந்த இராணுவ ஆஸ்பத்திரிக்குத் தாதியாகச் சென்ற அவர், சில வாரங்களிலேயே விஷஜுரத்தில் விழுந்து, பாதரசம் கலந்த மருந்து உட்கொண்டு உயிர் பிழைத்தார். பிறகு பூரண ஆரோக்கியத்தை அவர் அநுபவித்ததே இல்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் ஜோவுக்கு மாப்பிள்ளை கேட்டு வாசகிகள் மொய்த்துக்கொண்டார்கள். ஸ்திரீ ஜன்மத்துக்குக் கல்யாணம் ஒன்றே கடைசி இலட்சியம்போல் இந்தப் பெண்கள் கேட்கிறார்களே என்று அவர் தம் நாட்குறிப்பில் அலுத்துக்கொண்டு, யாரைத் திருப்திப்படுத்துவதற்காகவும் ஜோவை லாரிக்குக் கட்டிக்கொடுக்கப் போவதில்லை என்று சபதமும் செய்தார். ஜோ எழுத்தையே துணையாகக் கொண்டு கன்னியாகவே இருந்திருக்க வேண்டும் என்பது அவருடைய அந்தரங்க ஆசை. அதுவே அவர் தமக்காகத் தேர்ந்துகொண்ட வாழ்வுமாகும். எனினும் லாரியையோ, லாரி இல்லாவிட்டால் வேறு யாரையேனுமோ அவள் மணந்தே தீரவேண்டும் என்ற கூக்குரலை முற்றிலும் மறுக்கத் துணியாமல், கொஞ்சம் குறும்போடு ஒரு விநோதச் சம்பந்தத்தைச் செய்து வைத்ததாகச் சிநேகிதி ஒருத்திக்கு அவரே எழுதினார். நவம்பர் முதல் தேதி தொடங்கி, நாளைக்கு ஓர் அத்தியாயம் என்ற வேகத்தில் எழுதப்பட்டு, 1869 ஏப்ரலில் வெளிவந்த இரண்டாம் பாகத்தில், லாரியின் காதலை ஜோ மறுத்துவிடுகிறாள்; லாரி ஐரோப்பாவில் ஏமியை மணக்கிறான்; ஜோவுக்கோ நடுத்தர வயதும் கலைந்த தலையும் கையில் குடையுமாக பேயர் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் வாய்க்கிறார்.

வாசகிகளின் உள்ளத்தில் இது எழுப்பிய கலவரம் இன்னும் ஓயவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் த பொவ்வார், ஜோவிடம் தம்மையே கண்டு பூரித்திருந்த சிறுமிப் பருவத்தில், லாரி ஏமியை மணந்துவிட்டான் என்று அறிந்து பட்ட வேதனையை, 1958-இல் வெளியிட்ட தம் சுயசரிதத்தில் மறவாமல் பதிவு செய்திருக்கிறார்; பெண்ணுரிமைச் சிந்தனைக்கு ஆசானாக மதிக்கப்படும் அவருக்கே அப்படி என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்வானேன்! இந்தச் சம்பந்தத்தை ஆசிரியை செய்த துரோகம் என்போர் உண்டு. லாரியும் ஜோவும் ஒரே சுபாவம் உடையவர்கள், அவர்கள் கூடியிருந்தால் நித்தம் சண்டைதான் மிஞ்சியிருக்கும் என்று ஆசிரியைக்காக வாதாடுவோர் உண்டு. ஜோவின் எழுத்தை மதித்து, ஆனால் முகஸ்துதி செய்யாமல் குறையை எடுத்துச் சொல்லும் பேயரே அவளுக்குத் தக்க துணை என்று வயது வந்த பிறகு மனம் மாறியவர்களும் உண்டு.

ஆக்ஷேபங்கள் கல்யாணத்தோடு நிற்கவில்லை. நூல் வெளிவந்த காலத்திலேயே, இதில் ஒழுக்கம் இருக்கிறது, ஆனால் கிறிஸ்தவ விசுவாசம் போதாது என்று மதாபிமானிகள் சிலர் குறைப்பட்டார்கள். நம் காலத்து வாசகர்கள் சிலருக்கோ, அத்தியாயத்துக்கு ஓர் உபதேசம் இருப்பது அலுப்பைத் தருகிறது. ஒரு சாரார் மதம் போதவில்லை என்றும், மற்றொரு சாரார் உபதேசம் மிகுந்துவிட்டது என்றும் ஒரே நூலைக் குற்றம் சாட்டுவதைப் பார்க்கும்போது, அபிப்பிராயம் என்பது நூலைக் காட்டுவதோடு சொல்லுகிறவருடைய காலத்தையும் சேர்த்தே காட்டிவிடுகிறது என்பது விளங்கும். பெண்களுக்கான கதை என்ற முத்திரையும் எல்லோரையும் தடுத்துவிடவில்லை. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், பெண்மைத்தனம் என்று பிறர் நகைத்தாலும் நகைக்கட்டும் என்று துணிந்து, சிறு வயதில் இந்த நாவலைப் பூஜித்ததாகத் தம் சுயசரிதத்தில் ஒப்புக்கொண்டார்.

அபிப்பிராயத்தைச் செய்கையால் வெளியிட்டவர்களும் இருந்தார்கள். கதையில் அந்த நான்கு சகோதரிகளும் வீட்டுக்குள்ளேயே ஒரு பத்திரிகை நடத்துவதைப் படித்துவிட்டு, பென்ஸில்வேனியா மாகாணத்தில் சகோதரிகள் ஐவர் தாங்களும் ஒரு வீட்டுப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். அவர்களுக்கும் ஆல்காட்டுக்கும் 1872 முதல் பல ஆண்டுகள் கடிதப் போக்குவரத்து நடைபெற்றது. அழைக்காமலே வீட்டு வாசலில் வந்து நிற்கும் அபிமானிகள் கூட்டத்திற்கு அஞ்சி ஒளிந்துகொள்ளும் நிலைக்கு ஆளாகி, 1886-இல் எழுதிய 'ஜோஸ் பாய்ஸ்' என்ற நாவலில் அவர்களை ஓர் அத்தியாயம் முழுதும் பரிகாசம் செய்த அதே ஆசிரியை, எழுதக் கற்கும் பெண்களுக்குப் பதில் எழுதச் சலிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

வாசகரின் ரசனைக்கு இணங்கி நூலே உருமாறிய கதையும் ஒன்று உண்டு. 1880-இல் இரு பாகங்களும் சேர்ந்து ஒரே நூலாக வெளிவந்தபோது, பேச்சு வழக்குச் சொற்கள் பல திருத்தப்பட்டன. பருத்த சரீரமுள்ள தாய் உயரமானவளானாள். ஜோவின் உயரமே இருந்த லாரி அவளைவிட உயர்ந்தான், அவனுடைய நீண்ட மூக்கும் அழகிய மூக்காயிற்று. இன்று பல பதிப்புகளில் நாம் படிப்பது இந்தச் சீர்திருத்திய பாடமே.

புத்தகத்தின் உரிமையை ஒரேயடியாக விற்றுவிடாமல் வைத்துக்கொள்ளும்படி நைல்ஸ் சொன்ன நல்லுரையைக் கேட்டதனால், ஆல்காட் தம் குடும்பத்தின் பழங்கடன்கள் அனைத்தையும் அடைத்தார். 2019-இல் கிரெட்டா கெர்விக் எடுத்த திரைப்படம் இந்தச் செய்தியைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்து, தான் எழுதும் நாவலின் கதாநாயகிக்குக் கல்யாணம் செய்து வைக்க ஜோ சம்மதிப்பதையும், அதற்கு ஈடாக நூலுரிமையைத் தன்னிடமே நிறுத்திக்கொள்வதையும் ஒரே பேரமாகக் காட்டுகிறது. 1868-இல் கடிதம் எழுதிய பெண்களின் கேள்விக்கு அந்தப் படம் 151 ஆண்டுகள் கழித்துச் சொன்ன பதில் அது என்று கொள்ளலாம்.

எல்லா அபிப்பிராயங்களையும் கேட்டுவிட்டு நமக்குத் தோன்றுவது இதுதான்: கேட்டதையெல்லாம் கொடுத்துவிடும் நாவலைப் படித்து மூடுகிறோம், மறந்துவிடுகிறோம்; ஆல்காட்டோ கல்யாணத்தைக் கொடுத்தார், மாப்பிள்ளையைக் கொடுக்கவில்லை, பண்டிகையைக் கொடுத்தார், பெத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தக் குறையோடு வாசகி சண்டை போட்டுக்கொண்டே இருப்பதனால்தான் கதையில் வரும் அந்த வீட்டின் அடுப்பு இன்னும் அணையாமல் கனன்றுகொண்டிருக்கிறது. காங்கார்டு என்ற ஊரில் ஆல்காட் குடும்பம் வாழ்ந்த ஆர்ச்சர்டு ஹவுஸ் 1912 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே, தந்தை தம் மகளுக்காகச் செய்து கொடுத்த சிறிய எழுதுபலகை அங்கே இருக்கிறது. ஜோவின் கல்யாணம் கற்பனை. அதை எழுதிய லூயிசா மே ஆல்காட் 1888-இல் இறக்கும்வரை யாரையும் மணக்கவில்லை.