ஒன்பது அங்குலக் கணக்கு

விடியற்காலையில் விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கும் கூட்டத்தின் பைகளைக் கொட்டிப் பார்த்தால் போலீசுக்கு ஒரு வாரத்துக்கு எழுத்து வேலை இருக்கும். கரும்பு வெட்டப் போகிறவர் சாக்கில் சுருட்டிய வெட்டுக்கத்தி, முந்திரித் தோப்பில் கவாத்து பண்ணப் போகிறவரின் கொடுவாள், பலாச்சுளை விற்கிற அம்மாவின் நீளக் கத்தி, செராமிக் பட்டறைக்குப் போகும் பெண்ணின் சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் பொம்மையின் ஓரம் சீவும் சிறு கத்தி. எல்லாம் மறைத்துத்தான் இருக்கும். கூர் வெளியே தெரிய பஸ் ஏறினால் கண்டக்டரே இறக்கிவிடுவார்.

இதில் எது குற்றம்?

டீக்கடையில் கேட்டால் உடனே பதில் வரும்: "ஒம்போது இஞ்சுக்குக் கீழ இருந்தா ஒண்ணும் பண்ண முடியாதுங்க." எண் சரிதான். அதற்குக் கொடுக்கும் அர்த்தம்தான் பாதி தப்பு. கத்தி விஷயத்தில் நம் சட்டம் அளவுகோலை இரண்டாவதாகத்தான் எடுக்கிறது. எதற்காகச் செய்த பொருள் என்பதுதான் அதன் முதல் கேள்வி.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாக வடிவமைத்த, அல்லது அப்படி மாற்றிய பொருட்களைத்தான் ஆயுதம் என்கிறது. கூர்மையான கொடிய ஆயுதங்களும் அதில் சேரும். வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்த பொருட்களை அது விலக்கி வைக்கிறது. சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகளின் அட்டவணையில்தான் அந்த ஒன்பது அங்குலம் வருகிறது. வாள், குத்துவாள், ஈட்டி, கத்தி என்று அடுக்கிவிட்டு, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருப்பவை என்கிறது. அங்கேயும் வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவை நீங்கலாக என்ற வரி கூடவே வருகிறது. ஆக, ஒன்றரை அடிக் கரும்புக் கத்தி வயலுக்குப் போகும்போது இந்தப் பட்டியலில் இல்லை.

பட்டியலில் உள்ள கத்தியாக இருந்தாலும், அதை வைத்திருப்பது எல்லா ஊரிலும் தானாகவே குற்றமாகிவிடாது. துப்பாக்கிக்கு நாடு முழுக்க உரிமம் வேண்டும். அது 3ஆம் பிரிவு. கத்தி வகையறா வருவது 4ஆம் பிரிவில். குறிப்பிட்ட பகுதியின் நிலைமையைப் பார்த்து, இன்ன வகை ஆயுதத்துக்கு இங்கே உரிமம் வேண்டும் என்று அரசிதழில் அறிவிக்கை வந்தால்தான் அந்தப் பிரிவு உயிர் பெறும். அதை மீறினால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. எனவே கத்தி வழக்கில் வக்கீல் முதலில் கேட்க வேண்டியது, 'அறிவிக்கை எங்கே?' என்பதுதான்.

டெல்லியில் 1980 அக்டோபரில் அப்படி ஓர் அறிவிக்கை வந்தது. பட்டன் கத்தி போன்றவற்றுக்கு அங்கே வைத்த அளவு 7.62 சென்டிமீட்டர் நீளம், 1.72 சென்டிமீட்டர் அகலம். அதை வைத்துப் பல வருடம் வழக்குகள் ஓடின. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை வரிவரியாகப் படித்தது. அது பேசுவது தயாரிப்பு, விற்பனை, விற்பனைக்காக வைத்திருத்தல் பற்றி. விற்கத்தான் வைத்திருந்தார் என்று குற்றப்பத்திரிகையில் ஒரு வார்த்தை இல்லாதபோது, பையில் பட்டன் கத்தி இருந்தது என்பதற்காக மட்டும் வழக்கு நடத்த முடியாது என்று சொல்லி, ஒருவர் மேல் இருந்த வழக்கை ரத்து செய்தது. நாற்பது வருடத்துக்கு மேல் நடைமுறையில் இருந்த ஒரு காகிதத்தை அதற்குமுன் எத்தனை பேர் கடைசி வரி வரை படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

மறைப்பதைப் பற்றிச் சட்டம் பேசாமலில்லை. 26ஆம் பிரிவு அதற்குத்தான். அரசு ஊழியர் கண்ணில் படக்கூடாது என்ற நோக்கம் தெரியும்படி விதியை மீறினால் ஆறு மாதம் முதல் ஏழு வருடம் வரை சிறை. ஆனால் முதலில் மீறல் இருக்க வேண்டும். உரிமம் தேவைப்படாத பொருளை மறைத்ததற்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

ஜங்ஷன் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது 20ஆம் பிரிவு. ஆயுதத்துக்கு உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதைக் கொண்டு போகும் விதமோ சூழலோ தவறான காரியத்துக்குத்தான் என்று நியாயமான சந்தேகம் தந்தால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், பொருளைப் பறிக்கலாம். போலீசார் மட்டுமல்ல, ரயில்வே ஊழியருக்கும் அந்த அதிகாரம் உண்டு. பகலில் சாக்குச் சுற்றி, சக ஆட்களோடு, கரும்புத் தோட்டத்துக்குப் போகும் கத்தியும், இரவு பதினொரு மணிக்கு ஒயின்ஷாப் வாசலில் சட்டைக்குப் பின்னால் முதுகில் சொருகிய கத்தியும் ஒரே பட்டறையில் அடித்ததாகவே இருக்கலாம். சந்தேகத்தைக் கிளப்புவது நேரமும் இடமும் வைத்திருக்கும் விதமும்.

அந்தச் சந்தேகம் யார் மேல் சீக்கிரம் விழுகிறது என்பது சட்டப் புத்தகத்தில் இல்லை. எந்தத் தெருப் பையன், என்ன சட்டை, பழைய வழக்கு உண்டா என்பதெல்லாம் கணக்கில் வந்துவிடுகிறது. நம் ஊர்களில் கத்தி பெரும்பாலும் தனியாக வழக்காவதில்லை. கத்தியைக் காட்டி மிரட்டினார், வழிப்பறிக்குத் திட்டம் போட்டார், சந்தேகத்துக்கு இடமாகப் பதுங்கியிருந்தார் என்று வேறொரு பிரிவோடு ஜோடி சேர்ந்து வருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109, 110 'சந்தேக கேஸ்' இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 128, 129 ஆகியிருக்கிறது. ஸ்டேஷனில் எடுபடாத வழக்கை மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டித் தீர்த்துக்கொள்ளும் ஊர் இது. சந்தேக கேஸில் மாட்டியவருக்கு அந்த வழியும் பெரிதாக உதவாது.

2021 செப்டம்பரில், தென் மாவட்டங்களில் அடுத்தடுத்து கொலைகள் நடந்த நேரம், அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு மாநிலம் முழுக்க ரவுடிகளைத் தேடும் வேட்டையை நடத்தினார். சில நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் சிக்கின. துப்பாக்கி கைவிரல் எண்ணிக்கைதான். மற்றதெல்லாம் கத்தியும் அரிவாளும். அடுத்த பார்வை பட்டறைகள் மேல் திரும்பியது. கத்தி, அரிவாள் வாங்க வருகிறவரின் பெயர், முகவரி, போன் நம்பர், எதற்கு வாங்குகிறார் என்பதையெல்லாம் எழுதி வையுங்கள், கேமரா பொருத்துங்கள், அறிமுகமில்லாதவருக்கு விற்காதீர்கள் என்று கொல்லர்களிடமும் கடைக்காரர்களிடமும் சொல்லப்பட்டது.

இது சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டமல்ல, காவல் துறையின் அறிவுறுத்தல். நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் துருத்தியும் சம்மட்டியும் வைத்துப் பிழைக்கிற ஆசாரியை சிசிடிவி வாங்கச் சொல்வதில் ஒரு நியாயக்குறைவு இருக்கிறது. அறுவடைக்கு முன்னால் கருக்கரிவாள் தட்ட வரும் கிராமத்து ஆட்களை அவருக்கு மூன்று தலைமுறையாகத் தெரியும். தெரியாத ஆளுக்குப் பட்டாக்கத்தி அடித்துக் கொடுக்கிற பட்டறை இருந்தால், அது நோட்டுப் போட்டு எழுதவும் போவதில்லை. இணையத்தில் 'அலங்காரக் கத்தி' வாங்குகிறவரின் பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றும் ஆர்டரிலேயே இருக்கின்றன. எதற்கு என்ற கேள்வி மட்டும் அங்கே கிடையாது. பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டி வீடியோ போட்டு, அந்த வீடியோவே சாட்சியாகி உள்ளே போகும் பையன்கள் அந்தப் பக்கத்து வாடிக்கையாளர்கள்.

"பாதுகாப்புக்குத்தான் வைத்திருந்தேன்" என்பதும் அடிக்கடி கேட்கிற பதில். தற்காப்பு உரிமை உண்மையானது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதற்கே. ஆனால் அது ஆபத்து வந்த நேரத்தில் செய்த செயலைக் காப்பாற்றும். நாளைக்கு ஆபத்து வரலாம் என்று இன்று இடுப்பில் சொருகியதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. சீக்கியர்களின் கிர்பான் நிலை வேறு. அரசியலமைப்பின் 25ஆவது பிரிவே அதைச் சமய உரிமையாக ஏற்கிறது.

இங்கிலாந்தில் நம்மவர் பிள்ளைகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்திக்கு மட்டுமே விலக்கு. மற்ற எந்தக் கத்தியையும் தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருந்தால் நான்கு வருடம் வரை சிறை. காரணத்தைச் சொல்ல வேண்டிய பாரமும் வைத்திருப்பவருடையது.

செராமிக் ஊரிலிருந்து எழுதிவிட்டுப் பீங்கான் கத்தியைச் சொல்லாமல் விட முடியாது. இங்குள்ள சூளைகளின் சரக்கு பொம்மையும் அகல்விளக்கும் ஃபியூஸ் கேரியரும். கத்திக்கு ஆகும் ஜிர்கோனியா வேறு சாதி. 1980களில் ஜப்பானின் கியோசெரா நிறுவனம் அதைச் சமையலறைக்குக் கொண்டு வந்தது. துருப் பிடிக்காது, கூர் சீக்கிரம் போகாது, கீழே போட்டால் உடையும். உலோகம் இல்லாததால் சாதாரண மெட்டல் டிடெக்டர் அதைக் கண்டு கூவாது. அதனால் சில தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் உலோகம் கலக்கிறார்கள். சட்டம் எந்தப் பொருளால் செய்தது என்று கேட்பதில்லை. பீங்கானானாலும் எஃகானாலும் எதற்காகச் செய்தது என்ற கேள்வி ஒன்றுதான்.

வேலைக்குப் போகிறவர் மடக்கப்பட்டால், எங்கே, எந்தத் தோட்டத்துக்கு, யார் கூப்பிட்டது என்பதை அங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கத்தியைப் பறித்தால் மகஜரில் அலகின் நீளமும் அகலமும் தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிடியையும் சேர்த்து அளந்தால் எட்டு அங்குலக் கத்தி பதின்மூன்று ஆகிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதிவு செய்யச் சொல்கிறது, செல்போனே போதும். கத்தி சாக்கில் சுருட்டியிருந்ததா, இடுப்பில் இருந்ததா என்ற தகராறுக்கு அந்த வீடியோவைக் கோர்ட்டில் கேட்டு வாங்கலாம்.