எந்த மாசத்து வேலை?

தியாகதுருகம் பேரூராட்சி. அப்படியென்றால் சர்க்கார் கணக்கில் அது நகரம். உளுந்தூர்பேட்டை – சேலம் சாலையில் பஸ்ஸை விட்டிறங்கி, கோட்டை மலையைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் கரும்புக் கொல்லை வந்துவிடும். கரும்பு, மரவள்ளி, மக்காச்சோளம், நெல்: கடைத்தெருவில் புரளும் காசெல்லாம் இவற்றின் காசுதான். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டை இறங்காத வாரம், துணிக்கடைக்காரர் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இந்தப் பக்கத்தில் வாத்தியாராக இருந்தவன் நான். 2011 பிப்ரவரியில் சென்சஸ் டூட்டி போட்டார்கள். பெயர், வயது, படிப்பு எல்லாம் சுலபமாக எழுதிவிடலாம். வேலை என்ற கேள்விதான் ஆளைக் கொல்லும்.

"உங்க வீட்டுக்காரர் என்னம்மா வேலை செய்யறார்?"

"எந்த மாசத்துக்கு சார் கேக்குறீங்க?"

அந்த அம்மா கிண்டலாகக் கேட்கவில்லை. மார்கழி தொடங்கிப் பங்குனி வரைக்கும் கரும்பு வெட்டு. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் என்று இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் எங்கள் பக்கம். ஆலை கட்டிங் ஆர்டர் கொடுத்ததும் மேஸ்திரி ஆள் திரட்டுவார். அவர் தந்த முன்பணம் அதற்குள் வீட்டில் செலவாகியிருக்கும். சித்திரையில் பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலை. ஆடியில் நாலு மழை விழுந்தால் திரும்பி வந்து குத்தகை நிலத்தில் மக்காச்சோளம்.

படிவத்தில் நாலு வகைதான்: விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், மற்றவை. போன ஒரு வருஷத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ உழைத்தால் முதல் வரிசைத் தொழிலாளி, அதற்குக் குறைந்தால் இரண்டாம் வரிசை. எதில் அதிக நாள் போனதோ அதை எழுத வேண்டும். அந்த மனிதரை விவசாயக் கூலி என்று எழுதினேன். சட்டப்படி அது சரிதான். பெங்களூரில் அவர் நிறுத்திய தூண்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

அந்த அம்மாவோ, "நான் வீட்டுல சும்மாதான் சார் இருக்கேன்" என்றார். வாசலில் மூன்று ஆடு, கொட்டகையில் ஒரு கறவை மாடு, காலையில் சொசைட்டிக்குப் போகும் பால். குடும்ப நிலத்தில் கூலி வாங்காமல் பாடுபட்டாலும் அது வேலைதான் என்று விதியில் தெளிவாக இருக்கிறது. ஆனால் துருவிக் கேட்கப் பொறுமையில்லாத கணக்கெடுப்பாளர், "சும்மா" என்றதும் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார். பெண் தொழிலாளர் எண்ணிக்கை எங்கே தொலைகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பொருளாதார மேதைகள் ஒருநாள் எங்கள் தெருத் திண்ணையில் வந்து உட்காரலாம்.

நகரம் என்ற பெயரால் நஷ்டமும் உண்டு. 2005 சட்டப்படி வந்த நூறு நாள் வேலை கிராம ஊராட்சிகளுக்கு மட்டும்தான் இருந்தது. பேரூராட்சி எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்கு அட்டை கிடைத்தது. ஒரே வரப்பில் களையெடுத்த இந்தப் பக்கத்துக்காரிக்கு இல்லை. எங்கள் ஊரை நகராட்சியோடு சேர்க்காதே என்று தமிழ்நாட்டில் ஊர் ஊராக ஜனங்கள் மறியல் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்வராயன் மலைக்குப் போனால் கதை இன்னும் மோசம். பிப்ரவரி என்பது குடகு, வயநாடு எஸ்டேட்டுகளில் மிளகு பறிக்கும் காலம். மலையாளிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளில் பூட்டுத் தொங்கும். கிழவனும் கிழவியும் பேரப்பிள்ளையும் மட்டும் இருப்பார்கள். கணக்கெடுக்கும் நாட்கள் முழுக்க ஊரில் இல்லாதவரை, அந்த நாட்களில் அவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் எண்ண வேண்டும். எஸ்டேட் லயத்தில் அவரை யார் தேடிப்போய் எண்ணினார்களோ! மலையில் ஜனத்தொகை குறைந்துபோகிறது. சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் திட்டம் போடுகிறவர் முன்னால் இருப்பது அந்தத் தாள்தான்.

2011இல் நாங்கள் விழுப்புரம் மாவட்டம். தமிழ்நாட்டில் கிட்டத்தட்டப் பாதிப் பேர், நூற்றுக்கு 48, நகரவாசிகளாக இருந்தபோது விழுப்புரத்தில் நூற்றுக்குச் சுமார் 15 பேர்தான். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. பழைய கணக்கைப் பிரித்துப் பார்த்ததில் 13 லட்சத்து 70 ஆயிரம் பேர் எங்கள் பங்குக்கு வந்தார்கள். இன்றுவரை அந்தப் பழைய எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு நடுவில் எங்கள் மாவட்டத்துக்குப் புது வேலைக்கு வழியும் பிறந்திருக்கிறது. 2023 ஏப்ரலில் தைவானின் பௌ சென் நிறுவனம், 2,302 கோடி ரூபாயில் காலணி ஆலை அமைக்கத் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. பன்னிரண்டு வருஷத்தில் 20,000 பேருக்கு வேலை என்றார்கள். மாதச் சம்பளம், பி.எஃப். பிடித்தம் என்று வேலை பார்க்கும் பெண்ணை எழுத ஒரு கட்டம் போதும். அவள் அப்பாவுக்குத்தான் போதாது.

2021இல் எடுக்க வேண்டிய சென்சஸ் கொரோனாவால் தள்ளிப்போய், அடுத்தது 2027 மார்ச் 1 நிலவரப்படி என்று அறிவித்திருக்கிறார்கள். மறுபடியும் கரும்பு வெட்டு மும்முரமான பிப்ரவரியில்தான் ஆள் வீட்டுக்கு வரும். இந்த முறை செல்போன் செயலி, சாதியும் கேட்பார்கள். வருகிற பிள்ளை வாத்தியாராக இருந்தால் அவசரத்தில் இருப்பார். திண்ணையில் உட்காரவைத்து, தை மாசம் என்ன, சித்திரையில் என்ன, ஆடியில் என்ன என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். மாட்டையும் பாலையும் விட்டுவிடாதீர்கள். எஸ்டேட்டில் இருக்கும் மகனுக்கும் ஒரு போன் போட்டு, அங்கே யாராவது வந்து அவன் பேரை எழுதினார்களா என்று கேளுங்கள்.