வரவு நாலு, செலவு ஆறு!

இந்தக் கட்டுரையைப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் எப்படியும் நூறு தடவை மூச்சு விட்டிருப்பீர்கள். நடுவில் போன் வந்தால் நூற்றைம்பது. அதில் ஒன்றைக்கூட எண்ணியிருக்க மாட்டீர்கள். எண்ண வேண்டிய அவசியமும் இல்லை. மூளையின் அடிப்பக்கம் முகுளம் என்று ஒரு இலாகா இருக்கிறது. பிறந்த நிமிஷத்திலிருந்து ஒரு கேஷுவல் லீவுகூடப் போடாமல் அதுதான் இந்த வேலையைப் பார்க்கிறது.

'அப்புறம் எதுக்குய்யா மூச்சு விடறதுக்கு ஒரு கட்டுரை?' என்கிறீர்களா? விஷயம் இருக்கிறது. இதயத்திடம் போய் 'கொஞ்சம் மெதுவா அடிப்பா' என்றால் கேட்காது. வயிற்றிடம் 'ஆடிட் முடியற வரைக்கும் ஆசிட் சுரக்காதே' என்று கெஞ்சினால் அன்றைக்குப் பார்த்து இரண்டு பங்கு சுரக்கும். மூச்சு அப்படியில்லை. கவனிக்காமல் விட்டால் தானாக ஓடும். கவனித்தால் நம் கைக்கு வந்துவிடும். மேனேஜரிடம் நேராகப் பேச முடியாதபோது அவருடைய பி.ஏ.வைப் பிடித்துக் காரியம் சாதிப்போம் இல்லையா? இதயத்துக்கு மூச்சுதான் பி.ஏ.

நம்பிக்கை இல்லையென்றால் இப்போதே சோதித்துப் பாருங்கள். இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே, வலது கையின் இரண்டு விரல்களை வைத்து நாடியைப் பிடியுங்கள். கிடைத்துவிட்டதா? இப்போது மெதுவாக மூச்சை இழுங்கள். துடிப்பு கொஞ்சம் நெருங்கி வரும். அப்படியே மெதுவாக, ரொம்ப மெதுவாக வெளியே விடுங்கள். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் இடைவெளி கூடும். பயப்படாதீர்கள், இது கோளாறு இல்லை, ஆரோக்கியத்தின் அடையாளம். இளவட்டங்களுக்கு நன்றாகத் தெரியும், வயது ஏற ஏற மங்கும். மூளையிலிருந்து இறங்கி நெஞ்சு வழியாக வயிறு வரைக்கும் ஓடுகிற வேகஸ் என்ற நரம்புதான் இதயத்தின் பிரேக். மூச்சை இழுக்கும்போது பிரேக்கிலிருந்து கால் எடுபடுகிறது. விடும்போது கால் மறுபடி பிரேக்குக்கு வருகிறது.

ஆக, சமாதானம் இருப்பது மூச்சை இழுப்பதில் இல்லை, விடுவதில்! டென்ஷனான ஆளைப் பார்த்து 'நல்லா மூச்சை இழுங்க சார்' என்று நாலு பேர் சொல்வார்கள். அவரும் நெஞ்சைத் தூக்கிக்கொண்டு இழுப்பார், இழுப்பார், இழுத்துக்கொண்டே இருப்பார். விடச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றாது.

பி.காம். படித்தவனுக்கு இது ஜீரணமாகாத சமாசாரம். வரவைவிடச் செலவு அதிகமானால் கம்பெனி திவால் என்றுதான் மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே கணக்கு நேர் எதிர். வரவு நாலு, செலவு ஆறு. அதாவது நாலு விநாடி உள்ளே, ஆறு விநாடி வெளியே. மொத்தம் பத்து விநாடிக்கு ஒரு மூச்சு, நிமிஷத்துக்கு ஆறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் நிமிஷத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது வரை விடுகிறோம். அதைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைக்கிறோம், அவ்வளவே.

செய்முறைக்குப் பத்மாசனம் வேண்டாம், மான்தோல் வேண்டாம். ஆபீஸ் நாற்காலி போதும். இரண்டு காலும் தரையில் பதியட்டும். பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்துங்கள். (மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு ஓட்டை. சாப்பிட்ட உடனே செய்யாமல் கொஞ்சம் பொறுத்துச் செய்வது உத்தமம்.) ஒரு கையைத் தொப்புளுக்கு மேலே வையுங்கள். வாயை மூடி, மூக்கால் நாலு எண்ணும் வரை இழுக்க வேண்டும். கை முன்னால் வரவேண்டும். தோள் தூக்கக் கூடாது. பிறகு ஆறு எண்ணும் வரை மூக்கு வழியாகவே விடுங்கள். சூடான காபியை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்தும் விடலாம். நாலு கஷ்டமாக இருந்தால் மூன்று, ஆறு முடியாவிட்டால் ஐந்து. செலவு கூட இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். இப்படி ஐந்து நிமிஷம், முப்பது மூச்சு. முதல் நாள் பதினைந்தாவது மூச்சில் கரன்ட் பில் ஞாபகம் வரும். வரட்டும். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள்.

வயிறு ஏன் அசைய வேண்டும்? இதில் ஒரு சுவாரஸ்யமான கணக்கு இருக்கிறது. சாதாரணமாக ஒரு மூச்சுக்குச் சுமார் 500 மில்லி காற்று உள்ளே போகிறது. ஒரு ஆவின் அரை லிட்டர் பாக்கெட். அதில் 150 மில்லி நுரையீரலின் நுண்ணறைகளுக்குப் போய்ச் சேருவதே இல்லை. மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் நின்றுவிட்டு அப்படியே திரும்பி வந்துவிடும். இதை புரோக்கர் கமிஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் கட்டியாக வேண்டும். இப்போது, பதற்றத்தில் ஒருவர் நிமிஷத்துக்கு 24 தடவை, 250 மில்லி வீதம் மேலோட்டமாக விடுகிறார். மொத்தம் ஆறு லிட்டர். கமிஷன் 3.6 லிட்டர் போக மிச்சம் 2.4. சாதாரண ஆள் 12 தடவை, 500 மில்லி வீதம். அதே ஆறு லிட்டர்தான், ஆனால் மிச்சம் 4.2. வயிறு அசைய ஆறே தடவை, ஒரு லிட்டர் வீதம் விடுகிறவருக்கு மிச்சம் 5.1! மூன்று பேருக்கும் டர்ன்ஓவர் ஒன்று. லாபம் எங்கே போயிற்று பார்த்தீர்களா? நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் குடை மாதிரி விரிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கினால்தான் ஒரு லிட்டர் சுலபமாக உள்ளே வரும். அது இறங்கும்போது வயிறு முன்னால் தள்ளும். சிக்ஸ்பேக் ஆசையில் வயிற்றை எக்கிக்கொண்டே திரியும் தம்பிகள் இதைக் கவனிக்கவும்.

இதைக் கேட்டதும் 'ஆஹா, ஆக்சிஜன் ஜாஸ்தியாகும்!' என்று கிளம்பிவிடாதீர்கள். ஆகாது. கொரோனா சமயத்தில், 2020-லும் 2021-லும், வீட்டுக்கு வீடு விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஆரோக்கியமான ஆளுக்கு அது 95-க்கு மேல்தான் காட்டும். ஏற்கெனவே நிரம்பிய டேங்க்கில் இன்னும் எவ்வளவு பெட்ரோல் போட முடியும்? மாறாக, வேகவேகமாக ஆழமாக இழுத்து விட்டால் ரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப் போகும். இதைச் சில பேர் 'குண்டலினி கிளம்பிடுச்சு' என்று சொல்லிக்கொள்கிறார்கள். கிளம்பியது கரியமில வாயு.

ஆராய்ச்சிக்காரர்களும் இந்த 'ஆறு' எண்ணிக்கையில் வந்து முட்டியிருக்கிறார்கள். 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இத்தாலிய டாக்டர் லூச்சியானோ பெர்னார்டி குழுவினரின் கட்டுரை ஒன்று வந்தது. 23 பேரை ஒரு தடவை லத்தீன் மொழியில் ஜெபமாலை ஜெபமும், ஒரு தடவை 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரமும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாக நிமிஷத்துக்கு ஆறு என்ற கணக்குக்கு வந்து நின்றது. அதனால் சாமியும் மதமும் அவரவர் சௌகரியம். நுரையீரல் எண்ணிக்கையை மட்டும்தான் பார்க்கிறது. 2023-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு மாதம், தினம் ஐந்து நிமிஷம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். மூக்கால் இரண்டு தடவை அடுத்தடுத்து இழுத்து, வாயால் நீளமாக விடுகிற ஒரு முறை. நம் பாஷையில் பெருமூச்சு! சும்மா கண்ணை மூடித் தியானம் செய்தவர்களைவிட இவர்களுக்கு மனசு கூடுதலாகத் தெளிந்திருந்தது. வீட்டில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். 'இப்ப என்ன சலிப்பு உங்களுக்கு?' என்று கேள்வி வரும்.

மூச்சை உள்ளே அடக்குவது பற்றி ஒரு வார்த்தை. 1990-ல் 'கேளடி கண்மணி' படத்தில் எஸ்.பி.பி. மூச்சு விடாமல் பாடுவது மாதிரி அமைந்த பாட்டைக் கேட்டுவிட்டு, பாத்ரூமில் முயற்சி செய்து முகம் சிவந்தவர்கள் ஒரு தலைமுறையே இருக்கிறார்கள். திருமூலர் திருமந்திரத்தில் இழுக்க 16 மாத்திரை, அடக்க 64, விட 32 என்று கணக்கு கொடுத்திருக்கிறார். அங்கேயும் வரவைவிடச் செலவு இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். ஆனால் அந்த அறுபத்துநாலு, குரு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள, வருஷக்கணக்கில் பழகியவர்கள் சங்கதி. மார்ச் 31-ம் தேதி ராத்திரி பத்து மணிக்கு பேலன்ஸ் ஷீட்டில் நாற்பது ரூபாய் உதைக்கிற ஆளுக்கு அது வேண்டாம். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, குடலிறக்கம் இருப்பவர்கள் வயிற்றை வெட்டி வெட்டி மூச்சு விடும் கபாலபாதியையும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

ரத்த அழுத்தம் என்றதும் ஒரு நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வயசு, தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ். தாம்பரத்திலிருந்து பீச் வரை தினம் மின்சார ரயில். பி.பி. 150-க்கு 100 என்று வந்து டாக்டர் மாத்திரை எழுதினார். நண்பர் வீடியோ பார்த்துப் பிராணாயாமம் தொடங்கினார். மூன்று வாரத்தில் உடம்பு லேசாக இருக்கிறது, தூக்கம் வருகிறது, குழந்தைகள் மேல் எரிந்து விழுவதில்லை. எல்லாம் நிஜம். உடனே, 'இனிமே மாத்திரை எதுக்கு?' என்று தானே தீர்ப்பு எழுதி நிறுத்திவிட்டார். ஒரு மாதம் கழித்து அவர் மனைவி வற்புறுத்தி இழுத்துப் போய்ப் பார்த்தால் 170-க்கு 110! தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஒன்றுமே தெரியவில்லை. இந்த வியாதியின் போக்கே அதுதான். டாக்டர் திட்டவில்லையாம். 'மூச்சுப் பயிற்சியை விடாதீங்க. மாத்திரையையும் விடாதீங்க' என்றாராம்.

சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய அகில இந்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. பெரியவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் ரத்த அழுத்தம். உங்கள் செக்‌ஷனில் பத்துப் பேர் என்றால் மூன்று பேர் இருக்கலாம். மெதுவாக மூச்சு விடுவது அழுத்தத்தைச் சில புள்ளிகள் இறக்கும். அமெரிக்க இதய சங்கம்கூட 2013-ல், கருவி வைத்துச் செய்கிற மெதுவான மூச்சுப் பயிற்சியை ஒப்புக்கொண்டது. ஆனால் மருந்துக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் துணையாகத்தான், பதிலாக இல்லை. நெஞ்சை அழுத்தி, இடது கை வலித்து, வேர்த்துக் கொட்டினால் நாலு-ஆறு எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இதை எப்போது செய்வது? நேரம் இல்லை என்பவர்களுக்கு ஒரு தகவல். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்த்த லிண்டா ஸ்டோன் என்ற பெண்மணி, இமெயில் பார்க்கும்போது பலர் தங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வதை 2008-ல் எழுதினார். பெரிய விஞ்ஞான ஆய்வு இல்லை, சொந்தக் கவனிப்புதான். ஆனால் ராத்திரி ஒன்பதரைக்கு பாஸிடமிருந்து 'ஆர் யூ தேர்?' என்று வாட்ஸ்அப் வரும்போது உங்கள் மூச்சைக் கவனியுங்கள், புரியும். பதில் தட்டுவதற்கு முன் மூன்று மூச்சு, அரை நிமிஷம். பாதிச் சண்டை அதிலேயே போய்விடும். சிக்னலில் தொண்ணூறு விநாடி சிவப்பு விழுந்தால் ஒன்பது மூச்சு கணக்கில் வரும். முன்னால் மாநகரப் பேருந்து புகை விட்டுக்கொண்டு நின்றால் மட்டும் அந்தச் சிக்னலை விட்டுவிடுங்கள்.

ஆபீஸில் செய்யும்போது கண்ணை மூடாதீர்கள். தூங்குவதாக மெமோ வரும். கண்ணைத் திறந்து மானிட்டரைப் பார்த்தபடி ஐந்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்து செய்யுங்கள். எதையோ தீவிரமாகச் சரிபார்க்கிறீர்கள் என்று நினைத்து யாரும் கிட்டே வரமாட்டார்கள்.