சாக மறுத்த கலமும் வாழ விரும்பிய நானும்

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு தையல் ஆலையில் வேலை செய்கிறேன். 2009 இல் கணவரை இழந்தேன். முகாமிலிருந்து மீளக்குடியமர்ந்த பிறகு என் மகளைத் தையல் மெஷினை நம்பித்தான் வளர்த்தேன். 2017 தைப்பொங்கல் முடிந்த கிழமை, குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. நோகவில்லை. நோகாத கட்டியால் ஆபத்தில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்து மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். மகளை யாரிடம் விடுவது? ஊசி குத்தினால் நோய் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று அயலில் கதைத்ததும் காதில் நின்றது. எல்லாவற்றையும் விட ஒரு கேள்விதான் என்னை அரித்தது. பதுங்குகுழிக்குள் ஈர மண்ணில் கிடந்ததாலா? அழுது அழுது மனம் வெந்ததாலா? நான் என்ன பாவம் செய்தேன்?

பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்க வந்த குடும்பநல உத்தியோகத்தரிடம் ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னேன். அவர் ஏசவில்லை. அடுத்த நாளே கடிதம் தந்து அனுப்பினார். தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலையில் ஊசி மூலம் திசு எடுத்துப் பரிசோதித்தார்கள். மார்பகப் புற்றுநோய் என்று முடிவு வந்தது.

"எனக்கு ஏன் டொக்டர் இது வந்தது?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் வைத்தியர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். "நீங்கள் என்ன வேலை செய்யிறியள் அக்கா?" என்றார். சொன்னேன். "அப்ப உங்களுக்கு இது லேசாய் விளங்கும்" என்றார். அன்று அவர் விளங்கப்படுத்தியதையும் பிறகு நானாகக் கேட்டும் வாசித்தும் அறிந்ததையும் சகோதரிகளுடன் பகிரவே இதை எழுதுகிறேன்.

தரம் பார்க்கும் புரதம்

எங்கள் உடம்பு கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் டி.என்.ஏ. என்ற ஒரு மாதிரி இருக்கிறது. ஆலையில் பற்றனைப் பார்த்து வெட்டுவது போல, ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது அந்த மாதிரி முழுவதும் பிரதி எடுக்கப்படுகிறது. பிரதி எடுக்கையில் பிழை வருவது வழமை. ஆனால் எங்கள் லைனில் தரம் பார்க்கும் அக்கா ஒருவர் இருப்பது போல, கலத்துக்குள்ளும் ஒரு காவல் இருக்கிறது. அதன் பெயர் பி53. புற்றுக்கட்டி உருவாகாமல் தடுக்கும் புரதங்களில் இதுவே மிகவும் அறியப்பட்டது.

டி.என்.ஏ. சேதமடைந்தால் பி53 இன் அளவு கூடும். முதலில் அது கலம் பிரிவதை நிறுத்தி, பிழையைத் திருத்த நேரம் கொடுக்கும். திருத்த முடியாத பிழை என்றால், அந்தக் கலத்தைச் சாகச் சொல்லும். கட்டளை இழைமணிக்குப் போகும். இழைமணியின் மென்சவ்வில் துளை விழும். அதிலிருந்து கசியும் பொருள், கஸ்பேஸ் என்ற நொதியங்களை எழுப்பிவிடும். அவை கலத்தை உள்ளிருந்தே துண்டாக வெட்டும். அயற்கலங்கள் அந்தத் துண்டுகளை விழுங்கித் துப்புரவாக்கும். வீக்கமும் இல்லை, புண்ணும் இல்லை.

இந்த ஒழுங்கான சாவுக்கு 1972 இல் விஞ்ஞானிகள் அப்பொப்ரோசிஸ் என்று பெயரிட்டார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. தாய்மார் எல்லோரும் இதை உடம்பால் அறிந்தவர்கள்தான். பிள்ளைக்குப் பால் மறக்கப்பண்ணிய பிறகு மார்பு பழைய நிலைக்குத் திரும்புவது எப்படி? பால் சுரந்த கலங்களில் பெரும்பகுதி இப்படித்தான் உதிர்ந்து போகின்றன. சில கலங்கள் சாவதால்தான் உடம்பு நலமாக இருக்கிறது.

பி53 1979 இல் கண்டுபிடிக்கப்பட்டது. பத்து வருடம் வரை, புற்றுநோயை வளர்ப்பதே இதுதான் என்று தவறாக எண்ணினார்கள். இது காவலாளி என்பது 1989 இல்தான் தெளிவானது. இதை ஆக்கும் பரம்பரையலகு மனிதருக்கு ஒரு சோடிதான் உண்டு. ஆபிரிக்க யானைக்கோ சுமார் 20 சோடி உண்டென்று 2015 இல் வெளிவந்த ஆய்வுகள் கூறின. அவ்வளவு பெரிய உடம்பிருந்தும் யானைக்குப் புற்றுநோய் குறைவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 30 வீதத்தில் பி53 பழுதடைந்திருக்கிறது. ஹோர்மோன் ஏற்பிகள் இரண்டும் ஹெர்2 உம் இல்லாத, வேகமாக வளரும் வகையில் இது 80 வீதமளவில் உண்டு. ஏனையவற்றில் காவல் இருந்தும் வேறு புரதங்கள் அதை அமுக்கி வைக்கலாம். எப்படியோ, சாக வேண்டிய கலம் சாக மறுக்கிறது. மறுத்துப் பெருகுகிறது. அதுதான் கட்டி.

"உங்கட பாவமும் இல்லை, அழுகையும் இல்லை அக்கா. ஒரு கலத்தில தரம் பார்க்கிற ஆள் இல்லாமல் போச்சுது" என்றார் வைத்தியர். எட்டு வருடமாய் நெஞ்சில் சுமந்த ஒரு பாரத்தை அன்று அந்த மேசையில் இறக்கி வைத்தேன்.

முடி ஏன் கொட்டியது?

சத்திரசிகிச்சை, இரசாயன சிகிச்சை, கதிர்ச் சிகிச்சை மூன்றும் எனக்குச் செய்தார்கள். இரசாயன மருந்துகளில் பலவும் கதிரும் புற்றுக்கலத்தின் டி.என்.ஏ.யைத் தாங்க முடியாத அளவுக்குச் சேதப்படுத்தி, அதைச் சாகவைக்கின்றன. காவல் பழுதானாலும் சாவுக்கு வேறு வழிகளும் உண்டு. ஆகவே பி53 கெட்டவர்களுக்கு மருந்து வேலை செய்யாது என்று நினைக்க வேண்டாம்.

என் முடி முழுவதும் கொட்டியது. கண்ணாடியை மறைத்து வைத்தேன். பிறகுதான் விளங்கியது: முடி வேரின் கலங்கள் வேகமாகப் பிரிபவை. மருந்து அவற்றையும் தாக்குகிறது. அங்கே காவல் நல்ல நிலையில் இருப்பதால் அவை ஒழுங்காகச் செத்துவிடுகின்றன. பி53 இல்லாத எலிகளுக்கு அத்தகைய ஒரு மருந்தைக் கொடுத்தபோது முடி கொட்டவில்லை என்று ஓர் ஆய்வில் கண்டிருக்கிறார்கள். சிகிச்சை முடிந்ததும் என் முடி திரும்ப வளர்ந்தது. என் கட்டியில் ஹோர்மோன் ஏற்பி இருந்தபடியால் தமொக்சிபன் குளிசையும் ஐந்து வருடம் எடுத்து முடித்தேன்.

என் மகளுக்கும் வருமா?

இதைக் கேட்க எனக்குத் துணிவு வர மூன்று கிளினிக் போனது.

பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்களில் பழுது வாழ்நாளில் ஏற்படுகிறது. அது பிள்ளைக்குப் போகாது. 5 முதல் 10 வீதமானவை மட்டும் பரம்பரையாக வருபவை. அவற்றில் முக்கியமானவை பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற பரம்பரையலகுகளின் பழுதுகள். இவை ஆக்கும் புரதங்கள், அறுந்த டி.என்.ஏ.யைப் பிசிறில்லாமல் தைத்துக் கொடுப்பவை. அவை இல்லாவிட்டால் கிழிசல் கூடிக்கொண்டே போகும். இத்தகைய பழுது தாயிடமிருந்து மட்டுமல்ல, தகப்பனிடமிருந்தும் வரலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கிடைக்க அரைவாசி வாய்ப்பு உண்டு. இப்படிப்பட்டவர்களுக்கென ஒலபாரிப் என்ற மருந்து 2018 இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு அங்கீகரிக்கப்பட்டது. தைக்கும் மற்ற வழியையும் அடைத்து, புற்றுக்கலத்தைச் சாகவைப்பதே அதன் வேலை.

"உங்கட குடும்பத்தில ஆருக்கும் மார்பில, சூலகத்தில புற்றுநோய் வந்ததோ?" என்று வைத்தியர் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அம்மா 38 வயதில் ஷெல்லடியில் இறந்தவர். சின்னம்மா இருவரில் ஒருவர் கடைசி யுத்தத்தில் போனார். மற்றவர் எங்கென்றே தெரியாது. நோய் வரும் வயதுக்கு எங்கள் பெண்கள் வாழவில்லையே! எங்களில் எத்தனை குடும்பங்களில் இந்தப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது?

நான் கனடாவில் இருக்கும் பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மம்மா எழுபது வயதுக்கு மேல் நெஞ்சில் புண் வந்து செத்தவர் என்றும், வெட்கத்தில் ஒருவரும் வெளியில் சொல்லவில்லை என்றும் அப்போதுதான் அறிந்தேன். முதிய வயதில் ஒருவருக்கு வந்ததை வைத்துப் பரம்பரை என்று சொல்ல முடியாது என்று வைத்தியர் ஆறுதல் சொன்னார். இளம் வயதில் வந்தாலோ, பலருக்கு வந்தாலோ, ஆண் ஒருவருக்கு மார்பில் வந்தாலோதான் கூடிய கவனம் வேண்டுமாம். இப்போது எங்கள் குடும்ப விபரம் ஒரு கொப்பியில் இருக்கிறது. யாருக்கு, எந்த வயதில், என்ன நோய் என்று என் மகளே எழுதினாள்.

சகோதரிகளே, மாதம் ஒரு முறை, மாதவிடாய் தொடங்கி ஏழு முதல் பத்து நாளில் உங்கள் மார்பை நீங்களே தடவிப் பாருங்கள். மாதவிடாய் நின்றவர்கள் ஒரு திகதியைக் குறித்து வையுங்கள். கட்டி, தோல் சுருங்குதல், காம்பு உள்ளிழுத்தல், இரத்தம் கசிதல் எதுவானாலும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். 35 வயதைத் தாண்டியவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் பெண்களுக்கான கிளினிக்குக்குப் போங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. ஊசியால் நோய் பரவும் என்ற பயமும் வேண்டாம்.

நான் ஐந்து மாதம் வீணாக்கினேன். தரம் பார்க்க ஆளில்லாத அந்தக் கலங்கள் அதில் ஒரு நாளையும் வீணாக்கவில்லை.