பொறி எழாத கார்களும் ரசீது கேளாத மனிதர்களும்

பினாங்கின் டத்தோ கிராமாட் சாலையிலும் அதனின்று பிரியும் சந்துகளிலும், தாத்தா காலத்து மோரிஸ் மைனரையும் வோக்ஸ்வேகன் பீட்டிலையும் பெற்ற பிள்ளையைப் போல் பேணி வருகிறவர்கள், ஒரு மழை இரவுக்கு மறுநாள் அவ்வாகனம் ஸ்டார்ட்டர் சுழன்றும் பற்றிக்கொள்ள மறுத்தால், அக்கணமே சகல விவேகத்தையும் இழந்து, முதலில் அகப்பட்ட பட்டறைப் போர்மனிடம் சாவியையும் பணப்பையையும் ஒருங்கே ஒப்படைத்து விடுவதை நான் ஓயாது கண்டு வருகிறேன். அவர் பேட்டரியை மாற்றுகிறார், பிளக்குகளை மாற்றுகிறார், காயிலை மாற்றுகிறார், பெட்ரோல் வரவில்லையோ என்று கார்புரேட்டரையும் கழற்றிப் பார்க்கிறார். கார் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கடைசியில், "வேற இஞ்சின் போட்டுடலாம், அண்ணே" என்கிறார். அண்ணனும் தலையாட்டுகிறார்! இஞ்சின் மாறினால் காரின் பதிவுப் பத்திரமான கிராண்டில் உள்ள இஞ்சின் எண்ணும் மாறும் என்பதும், அதற்காக வாகனப் பரிசோதனையும் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் தேவைப்படும் என்பதும் அப்போது இருவருக்குமே நினைவில் இருப்பதில்லை.

அப்படி மாற்றப்படவிருந்த ஒரு மோரிஸ் மைனரின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்த்தபோது, உள்ளே பாயிண்டுக்குச் செல்லும் விரற்கடை நீள மெல்லிய வயர், உறை நைந்து, பாயிண்டைத் தாங்கும் தட்டு அசையும்போதெல்லாம் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கோளாறு அவ்வளவுதான்.

ஆகவே எதையும் வாங்குமுன் பரிசோதியுங்கள், அல்லது உங்கள் கண்முன் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பெட்ரோல் வாடை சிறிதும் இல்லை என்று நிச்சயித்துக்கொண்ட பின், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்கு வரும் தடித்த வயரை மூடியினின்று உருவி, நல்ல உறையிட்ட இடுக்கியால் பற்றி, அதன் முனையை இஞ்சினின் வெற்று உலோகத்திலிருந்து ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தூரத்தில் நிறுத்தி, மற்றொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். அந்த வயரில் ஓடுவது இருபதாயிரம் வோல்ட் அளவிலான மின்சாரம். இருதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அருகிலும் வரலாகாது.

நீலப்பொறி 'சடசட' எனப் பாய்ந்தால் காயிலும் பாயிண்டும் நிரபராதிகள். குற்றம் அதற்கப்பால், பெரும்பாலும் மூடியிலோ ரோட்டாரிலோ பிளக் வயர்களிலோ இருக்கிறது. மூடியின் உட்புறத்தில் ஈரம் படிந்திருக்கலாம். மயிரிழைக் கீறல் ஓடியிருக்கலாம். இக்காலத்தில் விற்பனையாகும் மலிவான ரோட்டார்களில் நடுவிலுள்ள ரிவெட் வழியே மின்சாரம் தண்டுக்குக் கசிந்துவிடுவதும் உண்டு. புதியது என்பதனாலேயே அதை நம்பிவிடாதீர்கள்.

பொறி வரவில்லையெனில், சோதனை விளக்கின் ஒரு முனையைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் சிறு இணைப்பிலும், மறுமுனையைக் காரின் உலோக உடற்பாகத்திலும் வைத்து இஞ்சினைச் சுழற்றினால், விளக்கு மின்னி மின்னி எரிய வேண்டும். விடாமல் எரிந்தால் பாயிண்ட் சேரவில்லை, அல்லது அதில் அழுக்கேறிவிட்டது. எரியவே இல்லையெனில் காயிலுக்கு மின்சாரம் வந்து சேரவில்லை, அல்லது பாயிண்ட் விலகவில்லை, அல்லது கண்டென்சரோ நைந்த வயரோ உடலோடு சேர்ந்துவிட்டது. மோரிஸின் லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்டின் இடைவெளி 0.38 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். புதுப் பாயிண்ட் போட்ட பிறகும் பொறி இல்லையெனில், மின்காப்பு வாஷர்களை வரிசை தவறிப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இந்தப் பிழையைச் செய்பவர்கள் கற்றுக்குட்டிகள் மட்டுமல்லர். இன்னொன்று: இச்சோதனைகளைச் செய்யும்போது சாவியை ஆன் நிலையில் விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிராதீர்கள். பாயிண்ட் சேர்ந்திருந்தால் காயில் சூடேறிக் கெடும். சாவியை அணையுங்கள் என்று மீண்டும் சொல்கிறேன், ஏனெனில் ஒருவரும் கேட்பதில்லை.

இனி பணத்தின் விஷயம். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சொந்த உபயோகக் காரைப் பழுது பார்ப்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்றும், முன்கூட்டி விலை பேசாதவிடத்து நியாயமான தொகைக்கு மேல் வாங்கலாகாது என்றும் விதித்திருக்கிறது. 2002-இல் பட்டறைகள் பயனீட்டாளருக்குத் தகவல் தெரிவிப்பது குறித்துத் தனி விதிமுறைகளே பிறந்தன. ஆனால் நம்மவர்களோ எழுத்தில் மதிப்பீடு கேட்பதில்லை, ரசீது கேட்பதில்லை, கழற்றிய பழைய பாகத்தை அங்கேயே விட்டு வருகிறார்கள். பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். அவையே உங்கள் சாட்சி.

கோபத்தில் காரை உடனே வேறு பட்டறைக்கு இழுத்துச் செல்வது பெரும் பிழை. முதற்பட்டறைக்குக் குறையைச் சரி செய்ய எழுத்து மூலம் அவகாசம் தாருங்கள். கைப்பேசிச் செய்தியானாலும் அதைப் பத்திரப்படுத்துங்கள். அவர் மறுத்தால், அல்லது நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், வேறிடத்தில் சரி செய்து அச்செலவை அவரிடமே கோரச் சட்டம் இடமளிக்கிறது. இரண்டாவது போர்மனிடம், கோளாறு எங்கிருந்தது என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

அச்செலவை முதற்பட்டறைக்காரர் தர மறுத்தால், பிறகு மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். படிவம் 1, கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கை, மூன்றாண்டுக்குள் மனு, வழக்கறிஞர் வேண்டியதில்லை. பெயர்ப்பலகையில் கண்ட பெயரை எழுதி ஏமாறாதீர்கள். மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவான வியாபாரப் பெயரே படிவத்தில் இருக்க வேண்டும், அது பில்லின் தலைப்பில் பதிவெண்ணோடு இருக்கும். பில் இல்லாதவர் இந்த இடத்திலேயே தடுக்கி விழுகிறார். ஒரு நகல் குறைந்தால் மறுநாள் வா என்று சொல்லுவதில் நம் அரசாங்கக் கவுண்டர்கள் அலாதியான சுகம் காண்பதால், எல்லாவற்றையும் கூடுதல் நகல்களோடு கொண்டு செல்லுங்கள். படிவம் நிரப்பத் திகைப்பவர்கள், 1969 முதல் இயங்கிவரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை மஸ்ஜித் நெகிரி சாலையில் அணுகலாம். டத்தோ கிராமாட்டிலிருந்து அது தூரமில்லை.

விசாரணை நாளில் ரசீதையும் பழைய பாகத்தையும் எடுத்துக்கொண்டு நீங்களே நேரில் செல்லுங்கள். மனுதாரர் வராவிட்டால் மனு தள்ளுபடியாகக்கூடும். தீர்ப்பு கிடைத்து 14 நாட்களுக்குள் பட்டறைக்காரர் அதற்கு இணங்காவிட்டால் அது தண்டனைக்குரிய குற்றம். அப்போது அவர் வாசலில் போய்ச் சண்டையிடாமல், மன்றத்துக்கே எழுத்து மூலம் தெரிவியுங்கள்.