குர்குமின்: மஞ்சளில் இருக்கிறது, மூட்டுக்குப் போய்ச் சேர்கிறதா?

சுளுக்கு என்றால் மஞ்சள் பற்று, தொண்டை வலி என்றால் மஞ்சள் பால். இது நம் வீடுகளின் நெடுநாள் வழக்கம். மலாய்க்காரர்கள் ‘குன்யிட்’ என்று சொல்லும் இக்கிழங்கு அவர்களின் பாரம்பரிய மருத்துவத்திலும் உண்டு. அப்படி மஞ்சளில் என்னதான் இருக்கிறது?

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருளை 1815இல் வோகல், பெல்லத்தியே ஆகிய இருவரும் பிரித்தெடுத்தனர். அதன் மூலக்கூறு அமைப்பு 1910இல்தான் தெளிவானது. அதில் 21 கார்பன், 20 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. மஞ்சள் கறை சவர்க்காரம் பட்டதும் சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். குர்குமின் காரத்தில் நிறம் மாறுவதே அதற்குக் காரணம்.

வீக்கம் எப்படி அடங்குகிறது?

காயம் பட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்கி வலிக்கும். இதுவே அழற்சி. இதைத் தூண்டும் மரபணுக்களை முடுக்கிவிடும் புரதங்களில் ஒன்று ‘என்எஃப்-கப்பா பி’. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் குர்குமின் இப்புரதத்தின் வேலையைத் தடுக்கிறது.

ஆனால், நம் உடல் சோதனைத் தட்டு அல்ல. குர்குமின் நீரில் எளிதில் கரையாது. குடல் வழியே உட்புகும் சிறிதளவையும் கல்லீரல் விரைவாக மாற்றி வெளியேற்றிவிடும். 1998இல் பெங்களூர் செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது, இரத்தத்தில் அது மிகக் குறைவாகவே தென்பட்டது. மிளகில் உள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்ததும் உடல் ஏற்கும் அளவு ஏறத்தாழ 20 மடங்கு உயர்ந்தது.

ஒரு கணக்கு

மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். அப்படியானால் 2 கிராம் குர்குமினுக்குச் சுமார் 67 கிராம் தூள் வேண்டும். குழம்பில் நாம் போடுவதோ ஒரு தேக்கரண்டி!

செறிவூட்டிய சாற்றின் கதை வேறு. தாய்லாந்தில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 367 பேரிடம் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. 4 வாரங்களில் மஞ்சள் சாறு, ஐபுப்ரோஃபென் மாத்திரைக்கு ஈடாக வலியைக் குறைத்தது. நீண்ட காலப் பலனை அறிய 4 வாரங்கள் போதாது.

செறிவு கூடினால் ஆபத்தும் கூடலாம். மஞ்சள் மாத்திரைகளை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் பதிவாகியுள்ளது. சமையலில் சேர்க்கும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். மாத்திரையாக வாங்குமுன் மருத்துவரைக் கேளுங்கள், குறிப்பாக இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள்.

அடுத்த முறை ‘இந்தச் செடியில் மருந்து இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தப் பொருள்? எவ்வளவு? அதில் எவ்வளவு உடலுக்குள் போய்ச் சேர்கிறது?