பருப்பு வேகட்டும், பிறகு புளி: மேடைப்பேச்சு எப்படி இயங்குகிறது?

சாம்பாருக்குப் பருப்பைப் போட்டவுடனே யாரும் புளியை ஊற்றுவதில்லை. ஊற்றினால் வெகுநேரம் கொதித்தாலும் பருப்பு விறைத்தே கிடக்கும். பருப்பின் செல்களைப் பிடித்துவைத்திருக்கும் பெக்டின் வெந்நீரில் கரைந்தால்தான் பருப்பு குழையும். புளிப்பு பெக்டினை எளிதில் கரையவிடாது. அதனால்தான் மஞ்சள்தூள் போட்டு வேகவைத்து, ஒன்றிரண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்து, மசிந்த பிறகு புளியைக் கரைத்து ஊற்றுகிறோம்.

ஒரு கூட்டத்தின் மனத்தை மாற்றும் பேச்சும் இப்படித்தான் இயங்குகிறது. கண்டிப்பும் கோரிக்கையும்தான் புளி. அது இல்லாத பேச்சு சப்பென்று போகும். ஆனால், “இவர் நம்ம பாடு தெரிந்தவர்” என்று கேட்பவர் இளகுவதற்கு முன்பே அதை ஊற்றினால், அவர் மனசுக்குள் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார். அதற்குப் பிறகு எத்தனை ஆதாரம் அடுக்கினாலும் ஏறாது.

மலேசியாவின் கெடா மாநிலத்துக்காரர்களுக்கு இதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946-47 காலத்தில், பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் ரப்பர் தோட்டத்திலிருந்து ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடையை ஒழிப்பது அதன் பெரிய இலக்கு. பால்மரம் சீவிச் சம்பாதித்த காசு, வீட்டு அடுப்புக்கு வருவதற்குள் தோட்டத்துக் கடையிலேயே கரைந்த காலம் அது. குடியை விடும்படி புத்திமதி சொன்னவர்கள் அதற்கு முன்பும் உண்டு. சாமியோ தோட்டத்து ஆள். அவருடைய தொண்டர்கள் அதே லயத்துப் பிள்ளைகள். காலையில் பெரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) பக்கத்தில் நின்றவனே மாலையில் “வேண்டாம்” என்கிறான். பேச்சு தொடங்குமுன்னே பருப்பு பாதி வெந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

“நீ குடிகாரன்” என்பதையும் “இந்தக் கடை உன் கூலியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது” என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் கேட்பது ஒன்றைத்தான். முதலாவது ஆளைக் குத்துகிறது. இரண்டாவது அவரையும் நம் பக்கம் நிற்கவைக்கிறது.  

திருக்குறளில் ‘அவையறிதல்’ 72-ஆம் அதிகாரம், ‘அவை அஞ்சாமை’ 73-ஆவது. கேட்பவரை அறிவது முன்னால், பயமின்றிப் பேசுவது பின்னால். நம் பேச்சுப் போட்டிகளுக்கான பயிற்சியில் இது தலைகீழாகிவிட்டது: குரலை உயர்த்து, கையை வீசு, அஞ்சாதே. கேட்பவர் இளகிவிட்டாரா என்று விரலால் நசுக்கிப் பார்க்க யாரும் சொல்லித்தருவதில்லை. அடுக்குமொழியும் நகைச்சுவையும் தாளிப்பு. கடைசியில், கொஞ்சமாகப் போதும்.

அந்தத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சனங்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம் தாமான்களுக்கு (குடியிருப்புகளுக்கு) குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆனாலும் கோயில் மண்டபத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் இன்றும் மைக் இருக்கிறது. அதைப் பிடிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். “ஏன் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பவில்லை?” என்று தொடங்காதீர்கள். ஷிப்ட் வேலை முடித்து வந்து உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவிடம், பள்ளி வேனுக்கு மாதம் எவ்வளவு கட்டுகிறார், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு உங்கள் கோரிக்கையை வையுங்கள்.